இரண்டரை நாள் பயிற்சி

மின்வாகனங்களைப் பற்றி வருகிற எந்த அறிக்கையை எடுத்தாலும் கடைசிப் பக்கங்களில் ஒரு பத்தி தவறாமல் இருக்கும். பெட்ரோல், டீசல் வண்டிகளைச் செய்துகொண்டிருக்கும் தொழிலாளர்களுக்கு மறுதிறன் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பத்தி. அரசாங்கம் எழுதினாலும் இருக்கும், கன்சல்டன்சி கம்பெனி எழுதினாலும் இருக்கும், தொழிற்சங்கம் எழுதினாலும் இருக்கும். வேறு எதிலும் ஒத்துப்போகாத மூன்று தரப்பு இந்த ஒரு இடத்தில் மட்டும் ஒரே குரலில் பேசுகிறது என்றால், அந்த வாக்கியத்தால் யாருக்கும் பெரிய செலவு இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நான் மென்பொருள்காரன். எங்கள் துறையில் "ரீஸ்கில்லிங்" என்ற சொல் எப்போது மின்னஞ்சலில் வரும் என்று பத்து வருடம் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ப்ராஜெக்ட் முடியப் போகிறது, பெஞ்சில் உட்காரப் போகிறோம், நாற்பது மணி நேர ஆன்லைன் வகுப்புக்கு லாகின் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வகுப்பு முடித்ததற்குச் சான்றிதழ் கிடைக்கும். வேலை கிடைக்குமா என்பது வேறு கேள்வி. அந்தப் பழக்கத்தில்தான் ஆட்டோமொபைல் துறையில் இதே சொல்லைப் பார்த்ததும் நாலு கேள்வியோடு படிக்க ஆரம்பித்தேன். பயிற்சி யாருக்கு? எத்தனை நாள்? எந்த வேலைக்கு? அந்த வேலை எந்த ஊரில் இருக்கிறது?

முதலில், உலகத்திலேயே இதை ஒழுங்காகச் செய்ததாக எல்லோரும் காட்டும் உதாரணத்தைப் பார்ப்போம். கிழக்கு ஜெர்மனியில் ஸ்விக்காவ் என்று ஓர் ஊர். 1904லிருந்து அங்கே கார் செய்கிறார்கள். ஆவுடி கம்பெனியை ஆகஸ்ட் ஹார்ஷ் 1909ல் தொடங்கியது அங்கேதான். கம்யூனிச ஆட்சிக் காலத்தில் டிராபண்ட் கார், 1957 முதல் 1991 வரை 30 லட்சத்துக்கும் மேல், அதே ஊரிலிருந்துதான் வந்தது. சுவர் இடிந்த பிறகு ஃபோக்ஸ்வாகன் வந்தது. கோல்ஃப், பஸ்ஸாட் எல்லாம் செய்துகொண்டிருந்த அந்தத் தொழிற்சாலையை சுமார் 120 கோடி யூரோ செலவில் முழுக்க முழுக்க மின்கார் தொழிற்சாலையாக மாற்றினார்கள். 2019 நவம்பரில் ஐடி.3 வெளியே வந்தது. 2020 ஜூனில் கடைசி பெட்ரோல் கார், ஒரு கோல்ஃப், லைனை விட்டு இறங்கியது. ஒரு பெரிய கம்பெனி, ஓடிக்கொண்டிருந்த பெரிய தொழிற்சாலையை எண்ணெயிலிருந்து மின்சாரத்துக்கு ஒட்டுமொத்தமாக மாற்றியதில் இது முன்னோடி.

அங்கே சுமார் 8,000 தொழிலாளர்கள். அத்தனை பேருக்கும் பயிற்சி. 2020 முடிவுக்குள் மொத்தம் சுமார் 20,500 பயிற்சி நாட்கள் என்று ஃபோக்ஸ்வாகன் சொன்னது. கேட்க மலைப்பான எண். நான் வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு இரண்டரை நாள்.

குறையாகச் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு இரண்டரை நாள் போதும், அதுதான் விஷயம். கார் தொழிற்சாலை என்றால் நம் மனதில் எஞ்சின் வருகிறது. ஆனால் ஸ்விக்காவ் மாதிரி ஒரு அசெம்பிளி பிளான்ட்டில் நடப்பது தகடு அடிப்பது, வெல்டிங், பெயின்ட், அப்புறம் உள்ளே சீட், டாஷ்போர்டு, கண்ணாடி, கதவு. கதவு மாட்டுகிறவர் நேற்று கோல்ஃபுக்குக் கதவு மாட்டினார், இன்று ஐடி.3க்கு மாட்டுகிறார். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்த கட்டை கீழேயிருந்து பாடியோடு இணைக்கும் இடத்தில் இப்போது பேட்டரித் தட்டு வருகிறது. ஆரஞ்சு நிற ஒயரைத் தொடாதே, தொட வேண்டியவர் யார், தீப்பிடித்தால் எங்கே ஓடுவது. இதைச் சொல்லிக்கொடுக்க அரை நாள். ஹை வோல்டேஜ் வேலையில் நேரடியாகக் கை வைக்கிற ஒரு பகுதி ஆட்களுக்கு மட்டும் நீளமான பயிற்சி.

அப்படியானால் எஞ்சின் செய்தவர்கள்? அவர்கள் ஸ்விக்காவில் இல்லவே இல்லை. ஃபோக்ஸ்வாகன் எஞ்சின்கள் செம்னிட்ஸ், சால்ஸ்கிட்டர் மாதிரி வேறு ஊர்களில் தயாராகின்றன. பிஸ்டன், வால்வு, இன்ஜெக்டர், டர்போ, சைலன்சர் எல்லாம் வேறு வேறு கம்பெனிகள். வேலை காணாமல் போகிற இடம் அது. பாஷ் கம்பெனியின் தலைவராக இருந்த ஃபோல்க்மார் டென்னர் 2019 வாக்கில் ஒரு கணக்கு சொன்னார். டீசல் இன்ஜெக்ஷன் சிஸ்டம் செய்யப் பத்துப் பேர் வேண்டும், பெட்ரோலுக்கு மூன்று பேர், மின்காருக்கு ஒருவர். இந்த ஒன்பது பேருக்கு எதைக் கற்றுக்கொடுத்தாலும் அந்த ஒரு நாற்காலி ஒன்பதாகாது. பயிற்சியின் வெற்றிக் கதையை எல்லோரும் கார் அசெம்பிளி செய்யும் ஊரிலிருந்து எடுக்கிறார்கள். அடி விழுகிற ஊர் வேறு.

சரி, ஸ்விக்காவ் ஆட்களாவது பிழைத்தார்களா? ஐரோப்பாவில் மின்கார் விற்பனை எதிர்பார்த்த வேகத்தில் ஏறவில்லை. 2023 செப்டம்பரில் 269 தற்காலிகத் தொழிலாளர்களின் ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியாது என்று அறிவித்தார்கள். 2024 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகனும் ஐஜி மெட்டல் சங்கமும் போட்ட உடன்பாட்டின்படி, 2030க்குள் ஜெர்மனியில் 35,000 வேலைகள் குறையும். ஐடி.3 வோல்ஃப்ஸ்பர்க்குக்குப் போகிறது, ஐடி.4 எம்டனுக்கு. ஸ்விக்காவுக்கு மிஞ்சுவது ஆவுடி கியூ4 ஒன்றுதான். நாட்டிலேயே மின்கார் செய்வதில் அதிக அனுபவம் உள்ள ஆட்களிடமிருந்து மின்கார் வேலையையே எடுத்து வேறு ஊருக்குக் கொடுக்கிறார்கள். தொழிற்சாலை உடனே மூடப்படாததற்கும், திடீரென்று யாரும் வீட்டுக்கு அனுப்பப்படாததற்கும் காரணம் சங்கம் பேசி வாங்கிய வேலை உத்தரவாதம். பயிற்சிச் சான்றிதழை வைத்து யாரும் அந்த மேஜையில் பேரம் பேசவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு மறைமலைநகருக்கு வருவோம்.

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்று ஃபோர்டு அறிவித்தது. சென்னைக்கு வெளியே மறைமலைநகர், குஜராத்தில் சனந்த் என்று இரண்டு தொழிற்சாலை. சென்னையில் மட்டும் நிரந்தரத் தொழிலாளர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். அதற்கு நாலு நாள் கழித்து, செப்டம்பர் 13, ஓலா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் கட்டிக்கொண்டிருக்கும் ஸ்கூட்டர் தொழிற்சாலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், முழு அளவில் 10,000 பேர் வேலை பார்ப்பார்கள் என்று. ஒரே வாரத்தில் ஒரே மாநிலத்தில் பழைய வண்டி வேலை போகிறது, புது வண்டி வேலை வருகிறது. காகிதத்தில் பார்த்தால் இதைவிட நேர்த்தியான "மாற்றம்" கிடையாது. பெண்களுக்கு அந்த வேலை கிடைப்பது எனக்கு மகிழ்ச்சியான செய்தி, அதில் எந்த ஆனாலும் இல்லை. ஆனால் நாற்பது வயதில், செங்கல்பட்டில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு, பதினைந்து வருட அனுபவத்துக்கான சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஃபோர்டு தொழிலாளிக்கு, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்காகத் திறக்கும் கதவால் என்ன பயன்? மாநிலக் கணக்கில் வேலை சமமாகிவிட்டது என்று சொல்லலாம். அவர் வீட்டுக் கணக்கில் சமமாகவில்லை.

நடுவில் ஒரு நம்பிக்கையும் வந்து போனது. ஏற்றுமதிக்கு மின்கார் செய்யலாமா என்று ஃபோர்டு யோசித்தது, மத்திய அரசின் ஊக்கத்தொகைத் திட்டத்தில் 2022 பிப்ரவரியில் அனுமதியும் கிடைத்தது. மே மாதம் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் போராடியது நஷ்டஈட்டுத் தொகைக்காக. பயிற்சி வேண்டும் என்று யாரும் கொடி பிடிக்கவில்லை. தங்களுக்கு எது குறைகிறது என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அதே கம்பெனி, அதே அறிவிப்பு, சனந்தில் கதை வேறாக முடிந்தது. அந்தத் தொழிற்சாலையை டாடா மோட்டார்ஸின் மின்வாகனத் துணை நிறுவனம் 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து: கார் தயாரிப்பில் இருந்த தகுதியுள்ள தொழிலாளர்கள் அனைவருக்கும் வேலை கொடுக்க வேண்டும். 2023 ஜனவரியில் கைமாற்றம் முடிந்தது. இயந்திரத்தோடு ஆளையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். சனந்துக்காரர்கள் மறைமலைநகர்க்காரர்களைவிடத் திறமைசாலிகள் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு ஊரிலும் ஒரே கம்பெனியின் ஒரே தர விதிகள், ஒரே பயிற்சி முறை. ஒரு ஊரில் வாங்க ஆள் இருந்தார், இன்னொன்றில் அந்த நேரத்தில் இல்லை. நான் படித்த மறுதிறன் பயிற்சி அறிக்கைகள் எதிலும் இந்த ஒப்பீடு இல்லை. எனக்கு இதுதான் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 2025 அக்டோபர் கடைசியில் ஃபோர்டு தமிழ்நாட்டு அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, 2029லிருந்து மறைமலைநகரில் உற்பத்தி. என்ன உற்பத்தி தெரியுமா? எஞ்சின். 2022ல் எஞ்சின் தொழிலாளி ஒருவர் நல்ல பிள்ளையாக, எதிர்காலம் மின்வாகனம்தான் என்று நம்பிப் பேட்டரி கோர்ஸ் படித்திருந்தால் இப்போது என்ன நினைப்பார்? எங்கே போகிறோம் என்று கம்பெனிக்கே தெரியாதபோது தொழிலாளியைத் தயாராகச் சொல்வது, ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட் இல்லாமல் டெஸ்ட் எழுதச் சொல்வது மாதிரி.

தமிழ்நாட்டு அரசின் பக்கம் வருகிறேன். 2023 பிப்ரவரியில் வந்த மின்வாகனக் கொள்கையின் தலைப்பு எண்கள் இரண்டு: 50,000 கோடி முதலீடு, 1.5 லட்சம் புதிய வேலை. அந்தப் புதிய வேலையில் எத்தனை பேர் பழைய வேலையிலிருந்து வர வேண்டும் என்பதற்குத் தலைப்பு எண் இல்லை. இன்னொரு பக்கம், 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தும் திட்டம். ரோபோ, சிஎன்சி, மின்வாகனப் பழுதுபார்ப்பு எல்லாம் இருக்கிறது. நான் பார்த்தவரை உருப்படியான திட்டம், பணம் இயந்திரமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கான திட்டம். அதைக் காட்டி "மறுதிறன் பயிற்சி நடக்கிறது" என்று சொல்வது சரியல்ல. பதினேழு வயதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதும், அம்பத்தூரில் ஷிஃப்ட் முடித்து வருகிற நாற்பத்தைந்து வயதுக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பதும் ஒரே வேலை இல்லை. முதலாமவருக்கு ஸ்டைபெண்ட் போதும். இரண்டாமவர் படிக்கிற மாதங்களுக்கு யாராவது சம்பளம் கொடுக்க வேண்டும்.

அம்பத்தூரும் பாடியும் கோவைப் பவுண்டரிகளும்தான் நம்முடைய செம்னிட்ஸ். என்னோடு மெக்கானிக்கல் பிரிவில் படித்த இரண்டு பேர் அம்பத்தூரில் சின்ன யூனிட் நடத்துகிறார்கள். ஒருவர் எஞ்சின் பாகம் மெஷினிங், இன்னொருவர் பிரேக் சம்பந்தப்பட்ட பாகம். இரண்டாமவருக்குக் கவலை இல்லை. மின்வண்டிக்கும் பிரேக் வேண்டும். முதலாமவரிடம் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள், எல்லோரும் மைக்ரான் கணக்கில் வேலை தெரிந்தவர்கள். அவர்களுக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று கேட்டேன். "அவங்களுக்கு ஒண்ணும் வேணாம்டா. எனக்கு ஆர்டர் வேணும். மோட்டார் ஷாஃப்ட் ஆர்டர் வந்தா திங்கக்கிழமை ஆரம்பிச்சிடுவாங்க" என்றான். மெஷினிஸ்டின் அறிவு எஞ்சினோடு ஒட்டிப் பிறந்தது இல்லை. லேத்துக்கு அது பெட்ரோல் காரா மின்காரா என்று தெரியாது. இங்கே மாற வேண்டியது அந்த யூனிட்டின் ஆர்டர் புத்தகம். அதற்குத் தேவை வங்கிக் கடன், டைஸ், தரச் சான்று, வாங்குகிற பெரிய கம்பெனியின் ஒரு உத்தரவாதம். இவற்றைக் கொடுப்பது கஷ்டம். வகுப்பு நடத்துவது சுலபம். அதனால் வகுப்பு நடக்கிறது.

இவ்வளவு சொன்னதால் பயிற்சியே வீண் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். நிஜமாகவே நிறையக் கற்றுக்கொள்ள வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். தெருமுனை டூவீலர் மெக்கானிக். எந்த அறிக்கையிலும் அவர் "அமைப்புசாராத் துறை" என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடுகிறார்.

அவருக்கு இது முதல் அடி இல்லை. 2020 ஏப்ரல் 1ல் பிஎஸ்-6 வந்தபோது ஒரே இரவில் புது பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூல் இன்ஜெக்ஷன் வந்தது. காதை வைத்துக் கேட்டே ஐட்லிங் செட் செய்கிற கலை, இருபது வருட அனுபவம், புது வண்டிக்குச் செல்லாமல் போனது. எங்கள் ஏரியாவில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் இதை எப்படிச் சமாளித்தார் என்று கேட்டேன். ஸ்கேனர் ஒன்று வாங்கியிருக்கிறார், தமிழ் யூடியூபில் பார்த்துப் பார்த்து சென்சார்களைக் கற்றிருக்கிறார், ஆறு மாதம் நஷ்டம். பயிற்சிக் கொள்கை எதுவும் அவர் கடை வாசலுக்கு வரவில்லை. இப்போது வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். எதைக் கற்றுக்கொடுப்பார்கள்?

நான் பார்த்த மின்வாகனப் பாதுகாப்புப் பாடங்களில் பெரும்பாலானவற்றின் அடித்தளம் ஐரோப்பியக் கார். 60 வோல்ட் டிசிக்கு மேல் போனால் ஆளைக் கொல்லக்கூடியது என்று சர்வதேச விதி எல்லை வைக்கிறது. அதனால் பாடம் முழுக்க ஷாக் பற்றியது. ஆயிரம் வோல்ட் கையுறை, சர்வீஸ் பிளக்கைப் பிடுங்குவது, கெபாசிட்டர் வடியும்வரை காத்திருப்பது, மீட்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்வது. முன்னூறு வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற காருக்கு இது உயிர் காக்கும் பாடம். ஆனால் இந்தியச் சாலையில் ஓடுகிற மின்வண்டிகளில் பெரும்பகுதி ஸ்கூட்டரும் மூன்று சக்கர வண்டியும். அவற்றில் மிகப் பல 48 வோல்ட்டை ஒட்டியவை, 60க்குக் கீழே. அந்தப் பாடத்தின்படி அவை "ஹை வோல்டேஜ்" கணக்கிலேயே வராது.

அதற்காக அவை ஆபத்தில்லாதவை இல்லை, ஆபத்து வேறு. 48 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனைக்கு நடுவே ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். விரலில் மோதிரம் இருந்தால் மோதிரம் பழுக்கும். அடிபட்ட செல் ஒன்று சூடாகி அடுத்த செல்லைச் சூடாக்கி மொத்தப் பெட்டியும் எரியும். தண்ணீர் உள்ளே போன பேட்டரி, டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் இங்கே எத்தனை வரும் என்று நமக்குத் தெரியும், மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு நாலாம் நாள் புகைய ஆரம்பிக்கலாம். 2022ல் ஸ்கூட்டர்கள் வரிசையாக எரிந்த பிறகுதான் ஏஐஎஸ்-156 விதியைத் திருத்தி, அந்த டிசம்பரிலும் அடுத்த மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அமல்படுத்தினார்கள். அது தயாரிப்பாளருக்கான விதி. வண்டி பழசாகி, வாரண்டி முடிந்து, தெருமுனைக்கு வந்து நிற்கும்போது அதைத் திறக்கப் போகிறவருக்கான பாடம் தமிழில் எளிமையாக, மோதிரத்தைக் கழற்று என்பதிலிருந்து தொடங்கி எழுதப்பட வேண்டும். ஒரு வாரம் போதும் என்பது என் கணிப்பு. அந்த ஒரு வாரத்துக்கு அவருடைய கடை வருமானத்தை ஈடு செய்தால் வருவார். இல்லையென்றால் வரமாட்டார்.

வந்தாலும் ஒரு சுவர் இருக்கிறது, இது என் துறை சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் கூசுகிறது. மின்வண்டியில் கன்ட்ரோலர், பேட்டரியின் பிஎம்எஸ், டிஸ்ப்ளே எல்லாம் கேன் பஸ் வழியாகப் பேசிக்கொள்கின்றன. பல வண்டிகளில் ஒன்றை மாற்றினால் மற்றவை அதை அடையாளம் கண்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கான மென்பொருள் கம்பெனியிடமும் அதன் சர்வீஸ் சென்டரிடமும் மட்டும். நம் மெக்கானிக் சொன்னது இது: "பொட்டியத் தொறந்தா வாரண்டி போச்சும்பாங்க சார். தொறக்காம என்னத்தப் பாக்கறது? வண்டி ஏன் நிக்குதுன்னு கம்பெனிக்காரன் லேப்டாப்புக்கு மட்டும்தான் சொல்லும், எனக்குச் சொல்லாது." இந்த மனிதருக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்து முதல் ரேங்க் வாங்க வைத்தாலும் அந்த வண்டி அவரோடு பேசாது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012லேயே வாக்கெடுப்பு வைத்து, கார் கம்பெனிகள் தங்கள் டீலருக்குத் தரும் டயக்னாஸ்டிக் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்று சட்டமாக்கியது. 2020ல் இன்னொரு வாக்கெடுப்பில் வண்டி கம்பியில்லாமல் அனுப்பும் தகவலையும் சேர்த்தார்கள், கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. இந்தியாவில் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்ப்பு உரிமைக்கு ஒரு போர்டல் திறந்தது, வாகனமும் அதில் ஒரு பிரிவு. அது போர்டல்தான், சட்டம் இல்லை. போய்ப் பார்த்தேன். வாரண்டி விவரமும் சர்வீஸ் சென்டர் முகவரிகளும் கிடைக்கின்றன.

உங்களுக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று அவரிடம் கேட்டதற்கு, எரர் கோடு பட்டியல் கிடைக்குமா சார் என்றுதான் திருப்பிக் கேட்டார். இங்கிலீஷில் இருந்தாலும் பரவாயில்லையாம், பையன் படித்துச் சொல்வானாம். எந்த எம்பெடட் ப்ராஜெக்டிலும் அந்தப் பட்டியல் முதல் சில வாரங்களிலேயே ஒரு எக்செல் ஷீட்டாக உருவாகிவிடும். மூன்று நாலு காலம், சில நூறு வரிசை.